பதிலுக்கு நிற்கும் பாட்டு

சர்ரென்று துணி கிழிபடும் சத்தம். கத்தரிக்கோலால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, பிறகு இரண்டு கைகளும் விலகிப் போக, நூல் நூலாய் ஓர் ஓட்டம். ஆறு வயதில், தீபாவளிக் கூட்டத்தில், ஜவுளிக்கடை மேசைக்கு அடியில் நான் தொலைந்து போயிருந்தேன். தலைக்கு மேலே இந்தச் சத்தம் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அழத் தோன்றவில்லை. கண்டுபிடித்து வெளியே இழுத்தபோதுதான் அழுதேன்.

அதே சத்தத்தைப் போன மாதம் நண்பர் ஒருவரின் கைப்பேசியில், ஒரு பாட்டின் தாளமாகக் கேட்டேன். யார் போட்டது என்று விசாரித்தால், கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளையாம், பெயர் சலீமாம். எண் வாங்கிப் பேசினேன். “வெள்ளிக்கிழம வாங்க சார், ஜும்மாவுக்குக் கடய சாத்துவோம், அமைதியா பேசலாம்” என்றான்.

வெள்ளி, காலை 11.20. விழுப்புரத்திலிருந்து வந்த பேருந்து என்னைக் கள்ளக்குறிச்சி நிலையத்தில் உதிர்த்துவிட்டுப் போயிற்று. மாவட்டத் தலைநகரானதிலிருந்து ஊருக்கு ஓர் அவசரம் வந்திருக்கிறது. கையில் மனுவோடு நடப்பவர்கள், வக்கீல் கோட்டோடு தேநீர் குடிப்பவர்கள், எல்லோருக்கும் நடுவே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று, “வாங்கம்மா வாங்க, ரெண்டு எடுத்தா ஒண்ணு இலவசம்” என்று குழைந்துகொண்டு போனது. தேநீர் பதினைந்து ரூபாய். ஷேர் ஆட்டோவுக்கு இருபது. கடைத்தெருவில் இறங்கினேன்.

கல்லாவில் சலீமின் அப்பா இருந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, கையில் மீட்டர் கோல். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் கோலால் மேசையைத் தட்டினார்.

“பாட்டு போடறானாம் பாட்டு. நான் கோலு தட்டறத, துணி கிழிக்கறத, எல்லாத்தையும் போன்ல புடிச்சிக்கினு போய் தாளம்ங்கறான். கேட்டா ராயல்டி தரமாட்டேங்கறான் சார்.”

“நீ தட்டறது ஒரு தாளத்துலயும் சேராது அத்தா. அதனாலதான் எனக்குப் புடிக்குது” என்றபடி உள்ளிருந்து சலீம் வந்தான். முப்பத்தொரு வயது. காதில் பென்சில்.

பன்னிரண்டரைக்குக் கடையைச் சாத்திவிட்டு இருவரும் தொழுகைக்குப் போனார்கள். நான் எதிர்க்கடையில் நூற்றிருபது ரூபாய்க்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

மதியம் 2.00. சலீமின் ஒலிப்பதிவுக் கூடம் கடைக்குப் பின்னால், சரக்கு வைக்கும் அறைதான். தரையிலிருந்து கூரை வரை போர்வைக் கட்டு, வேட்டிக் கட்டு, பாவாடைத் துணி. நடுவே ஒரு மைக். உள்ளே நுழைந்ததும் என் குரலை யாரோ பக்கத்திலிருந்து கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டதுபோல் இருந்தது. எதிரொலி என்பதே இல்லை. பெரிய ஊர்களில் லட்சக்கணக்கில் செலவழித்துச் சுவருக்குப் பஞ்சு ஒட்டுவார்கள். இங்கே வியாபாரமே பஞ்சு.

“தீவாளி வந்தா சரக்கு வித்துப் போயிடும் சார், அப்ப ரெக்கார்டிங் கெட்டுப் போயிடும். வியாபாரம் டல்லா இருந்தாதான் என் பாட்டு நல்லா வரும். அத்தா காதுல போட்டுடாதீங்க” என்று சிரித்தான்.

பிறகு தன் கதையைச் சொன்னான். கல்யாணங்களில் கீபோர்டு வாசித்தது. பந்தி தொடங்கும்போது தொடங்கி, பந்தி முடியும்போது முடிக்க வேண்டும். பாயசம் வரும் நேரத்தில்தான் விரல்கள் சூடுபிடித்து நல்ல பாட்டாக வரும், அப்போது கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். இப்போது பிழைப்புக்கு விளம்பரக் குரல். வந்த வழியில் குழைந்துகொண்டு போன ஆட்டோ, சலீம்தான். “ஊரு பூரா என் கொரலு போவுது சார். நான் மட்டும் யாருக்கும் தெரியாது. கம்பெனி, மொதலாளி யாரும் கெடையாது எங்களுக்கு. நல்லா இல்லன்னு சொல்றதுக்கும் ஆளில்ல, நல்லா இருக்குன்னு சொல்றதுக்கும் ஆளில்ல.”

எங்களுக்கு என்றது, அவனும் அலமேலுவும். அலமேலு கல்வராயன் மலைக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடைக்குப் புடவை எடுக்க வந்து, இரண்டு மணி நேரம் புரட்டிப் பார்த்து, ஒன்றும் எடுக்காமல் போனார். ஆனால் புரட்டிய நேரமெல்லாம் பாடிக்கொண்டே இருந்தார். அன்றைக்கே சலீம் பின்னாலேயே பேருந்து நிலையம் வரை ஓடிப் போய்ப் பேசியிருக்கிறான். இதுவரை வெளியிட்டதெல்லாம் சலீமின் வெறும் தாளமும் இசையும். அலமேலு எழுதி அவர் குரலிலேயே வரும் முதல் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டுச் செயலிகளில் வெளியாகிறது. எனக்குப் போட்டுக் காட்டினான்.

*ஏ கிளியே நாளைக்கு வா,
எஞ்சாமை இன்னம் பால் புடிக்கல.*

கதிர் தின்ன வரும் கிளியை விரட்டாமல், தேதி சொல்லித் திருப்பி அனுப்பும் பாட்டு. குரலில் பச்சைப் புல்லின் மணம். கீழே அத்தாவின் கோல், கத்தரிக்கோலின் நறுக். நான் கண்ணை மூடியிருந்தபோது கைப்பேசி அடித்தது. அலமேலுதான். அன்று காலைதான் முடித்த பாட்டை அவருக்கு அனுப்பியிருந்தானாம். பெருமையோடு எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

“பாய், இன்னா இது? நாய் தொரத்திக்கினு வர்ற மாரி பாடறேன்?”

“அக்கா, நாலு எடத்துல தாளத்த வுட்டுட்டு நின்னுட்டீங்க. அதையெல்லாம் வெட்டி ஒட்டிட்டேன். நீட்டா இல்ல?”

“நான் ஒண்ணும் வுடல. நின்னேன்.”

“அதான், எதுக்கு நின்னீங்க?”

அந்தப் பக்கம் பெருமூச்சு. “எதுக்கா? இது என் பாட்டு இல்ல பாய். நீங்க வேணும்னா போட்டுக்கங்க. என் பேர மட்டும் எடுத்துடுங்க.”

கைப்பேசி அணைந்தது. போர்வைக் கட்டுகள் அந்தச் சொல்லையும் விழுங்கிவிட்டன. சலீம் காதிலிருந்த பென்சிலை எடுத்தான், திரும்பக் காதிலேயே வைத்தான். பாட்டை மாற்றவோ திரும்பப் பெறவோ மறுநாள் மாலை ஆறு மணி வரைதான் நேரம்.

“பேரு இல்லாம போட்டுடலாமே” என்றேன், வேண்டுமென்றே.

“அடுத்தவங்க சரக்க எங்கடையில வச்சி விக்கற மாரி சார் அது. அவங்க வேணாம்னா பாட்டயே எடுத்துடுவேன். ஆனா எடுத்துட்டா, அக்கா மறுபடி மைக்கு முன்னாடி வந்து நிக்க மாட்டாங்க. அதோட முடிஞ்சிது நாங்க ரெண்டு பேரும்.” பிறகு, “மலைக்குக் காலைல மொத வண்டி ஆறு நாப்பதுக்கு. வர்றீங்களா?” என்றான்.

சனி, காலை 6.40. வெள்ளிமலைக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், சீட்டு நாற்பது ரூபாய். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையின் தண்ணீர் ஒரு திருப்பத்தில் தெரிந்து மறு திருப்பத்தில் ஒளிந்தது. பிறகு ஏற்றம். வளைவுக்கு வளைவு வெயில் பக்கம் மாறி உட்கார்ந்தது. புரட்டாசிக் காற்றில் மரவள்ளி இலைகள் விரல் விரித்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.

சலீம் வாய்க்குள் ஏதோ ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். நடத்துநர் சில்லறையை நீட்டிவிட்டு நின்றார்.

“இந்தக் கொரல எங்கியோ கேட்டிருக்கேனே. ரெண்டு எடுத்தா ஒண்ணு இலவசம், நீதானே?”

“ஆமாண்ணே.”

“அந்த ஒண்ணு எனக்கு இன்னும் வரலப்பா!”

பேருந்து முழுக்கச் சிரித்தது. சலீமும் சிரித்தான், பாதி.

காலை 8.50. வெள்ளிமலை. தேநீரும் இரண்டு போண்டாவும் முப்பது ரூபாய். சலீம் இரவே தகவல் சொல்லியிருந்ததால் அலமேலு எங்களைக் கூட்டிப்போக வந்திருந்தார். முப்பத்துநான்கு வயது, இடுப்பில் சொருகிய புடவை, தோளில் மண்வெட்டி. சலீமைப் பார்த்து முகம் திருப்பவில்லை. அதற்குப் பதில் என்னைப் பார்த்து, “சாரு பஞ்சாயத்துக்கா?” என்றார்.

“இல்லம்மா, வேடிக்கை பார்க்க.”

“அப்ப சரி. பஞ்சாயத்துன்னா சோறு போட மாட்டேன்.”

இரண்டு கிலோமீட்டர் நடை. கல் பொறுக்கிக் கட்டிய வரப்பு, அதற்குக் கீழே சரிவு முழுக்கச் சாமை. கதிர்கள் பச்சையாய், தலை இன்னும் கனக்காமல், காற்று சொன்ன பக்கமெல்லாம் சாய்ந்தன. நடுவே ஓர் ஓடை, அதற்கு அப்பால் எதிர்ச்சரிவில் இன்னொரு சாமைக் காடு. அங்கே கிளிக் காவலுக்கு இருந்தது அலமேலுவின் நாத்தனார் பொன்னி. நீலத்தில் ஒரு புள்ளியாய்த் தெரிந்தார்.

கிளிக்கூட்டம் ஒன்று இறங்கியது. அலமேலு கையைக் குவித்து, “ஊ...ய்!” என்றார்.

கிளிகள் எழுந்தன. பிறகு ஒன்றுமில்லை. காற்று மட்டும். சலீம் பேச வாயெடுத்தான். அலமேலு விரலைத் தூக்கி அடக்கினார். இன்னும் ஒன்றுமில்லை. எனக்கே பொறுமை போகும் நேரத்தில் எதிர்ச்சரிவிலிருந்து மெலிதாய் வந்தது.

“ஊ...ய்! இன்னாடீ?”

“துணிக்கட பாய் வந்துக்கிறாரு!”

மறுபடி அந்த வெற்றிடம். நான் மூச்சை எண்ணினேன்.

“பொடவ எடுத்தாந்தாரா?”

நான் சிரித்துவிட்டேன். சலீம் சிரிக்கவில்லை. அவன் முகம் சட்டென்று கணக்குப் பிடிபட்டவன் முகமாகிவிட்டது.

“அக்கா, நாலு எடத்துல நின்னது இதுக்கா?”

“வேற எதுக்கு? பாட்டும் இப்படித்தான். நான் ஒண்ணு வுடுவேன், அவ ஒண்ணு வாங்குவா. பதிலு வர்றதுக்குள்ள அடுத்த வரியப் புடிச்சா, போன எடுத்தவன் அலோங்கறதுக்குள்ள வச்சிடற மாரி. எங்க ஊர்ல திட்டுவாங்க.”

“ஒண்ணு ரெண்டு செகண்டு இருக்குது, ஒண்ணு அஞ்சு செகண்டு இருக்குதே! அதானே நான் தப்புன்னு நெனச்சேன்.”

“காத்து எதிர்க்க அடிச்சா லேட்டாதான் வரும். மைக்கு முன்னாடி நிக்கறப்பவும் எனக்கு இந்தக் காத்துதான் ஞாபகம் வந்துச்சு. நீங்க என்னடான்னா சுத்திப் போர்வயக் கட்டி வச்சிருக்கீங்க. போர்வ எங்க பதிலு சொல்லும்?”

இருந்தாலும் சலீம் விடவில்லை. அவன் சொன்னதும் நியாயம்தான். “அஞ்சு செகண்டு சத்தம் இல்லன்னா, பாட்டு முடிஞ்சிதுன்னு அடுத்ததுக்குத் தள்ளிடுவாங்கக்கா. யாருன்னே தெரியாத நம்ம ரெண்டு பேருக்காக எவன் காத்துக்கினு இருப்பான்?”

அலமேலு ஒரு கதிரை உருவி நகத்தால் அழுத்தினார். வெள்ளையாய் ஒரு துளி. “ஜாஸ்தி பேரு கேக்கணும்னு எனக்கு ஆசயில்லன்னா நெனக்கிறீங்க? பஸ்ஸு புடிச்சி எத்தினி வாட்டி வந்தேன்? ஆனா போட்டதும் பொன்னி கேப்பா. அவளே இது யாருடீன்னு கேட்டா, நான் இன்னா சொல்றது?”

சலீம் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடையில் இறங்கினான். எதிர்ச்சரிவில் ஏறி, பொன்னிக்குப் பக்கத்தில் போய் நிற்க அவனுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. வழியில் இரண்டு முறை வழுக்கியது இங்கிருந்தே தெரிந்தது. அலமேலு கையைக் குவித்து முதல் வரியை விட்டார். ஏ கிளியே நாளைக்கு வா. நின்றார்.

எதிரிலிருந்து, மூச்சு வாங்க, நன்றாகப் பழகிய அந்தக் குழைவோடு வந்தது: “வாங்கம்மா வாங்க!”

அலமேலு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார், சிரித்துச் சிரித்து. எதிரில் நீலப்புள்ளியும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. இரண்டாம் முறை சலீம் அவசரப்பட்டான், வரி முடியும் முன்பே பதில் வந்து விழுந்தது. மூன்றாம் முறைதான் நின்றான். காற்றைப் போகவிட்டு, பிறகு ஓர் “ஊய்”. சுமாரான ஊய்தான். ஆனால் சரியான இடத்தில் வந்தது. அலமேலு தலையாட்டிவிட்டு இரண்டாம் வரியை எடுத்தார்.

பகல் 12.30. சாமைச்சோறு, அவரைக்காய்க் குழம்பு. சாப்பிட்டபடியே பேரம் நடந்தது. மலைக்காரருக்கும் கடைக்காரனுக்கும் பேரம் கைவந்த கலை. வெட்டாத மூலப்பதிவு சலீமின் கைப்பேசியிலேயே இருந்தது. நாலு இடைவெளிகளையும் திரும்ப வைப்பது என்று முடிவாயிற்று. அலமேலு இறங்கி வந்து, முதல் இடைவெளியை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்: “கேக்கறவங்க பழகற வரைக்கும்.” கடைசி இடைவெளியில், எதிர்ச்சரிவில் நின்றபோது சலீம் கைப்பேசியில் பதிந்து வந்த பொன்னியின் ஊய். நடுவில் இரண்டும் வெறுமையாகவே இருக்கும், தாளம்கூட இல்லாமல்.

“அத்தா கோலும் வேணாமா?” என்றான்.

“அவரும் கொஞ்சம் மூச்சு வுடட்டும்.”

பெயரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் சுற்றும் என் கால்களுக்கு இங்கேயே இரண்டு நாள் தங்கிவிடலாம் என்று ஆசை, ஆனால் ஆறு மணிக்குள் பாட்டை அனுப்ப வேண்டும், மலைமேல் சிக்னலை நம்ப முடியாது, கடைக் கணினிக்குத்தான் போக வேண்டும்.

பிற்பகல் 2.15. வெள்ளிமலையில் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. பெரிய ஊர்களில் பாட்டை எழுதுகிறவர், பாடுகிறவர், விற்கிறவர் எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்காமலே வேலையை முடித்துக்கொள்கிறார்கள். இங்கே ஓடையைத் தாண்டிப் போய் நின்றுவிட்டு வர வேண்டியிருக்கிறது. சலீமின் கால்சட்டையில் முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

வண்டி நகரத் தொடங்கியதும் அவன் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

“அக்கா, பேரு? உங்க பேர எடுத்துட்டுமா, இருக்கட்டுமா?”

அலமேலு வண்டியோடு நாலு எட்டு நடந்து வந்தார்.

“இருக்கட்டும் பாய். ஆனா வெறும் அலமேலுன்னு போடாதீங்க, எங்க ஊர்ல மட்டும் ஆறு அலமேலு. இனிஷியலோட போடுங்க, அப்பத்தான் அது நான்னு தெரியும்!”