தீடாவின் காதில் விழுந்த ஓட்டுகள்

தீடா சாங்யாங்குக்குக் காது கூர்மை. கிரிகுந்தா மருந்தகத்தில் உதவியாளர் வேலைதான் பார்த்தாள். ஆனாலும் கர்ப்பிணியின் வயிற்றில் மரக்குழலை வைத்து, பிள்ளையின் துடிப்பு தளர்வதை நர்ஸுக்கு முன்பே சொல்லிவிடுவாள். அந்தக் காதுக்காகத்தான் கவுன்சிலர் தேர்தலன்று அவளை வாக்குச்சாவடியில் உட்கார வைத்தார்கள்.

காம்பியாவில் நாங்கள் கோலிக்குண்டால்தான் ஓட்டுப் போடுகிறோம். திரைக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒன்றாகப் பீப்பாய்கள் நிற்கும். துளையில் குண்டைப் போட்டால் உள்ளே மணியில் பட்டுக் 'கிண்' என்று ஒலித்து மரத்தூளில் விழும். ஆளுக்கு ஒரு 'கிண்'. இரண்டு கேட்டால் மோசடி, ஒன்றுமே கேட்காவிட்டால் குண்டு சட்டைப் பைக்குள் போய்விட்டது என்று பொருள். திரைக்கு வெளியே உட்கார்ந்து அதைக் கேட்டுத் தலையாட்டுவதே தீடாவின் வேலை. மணியடித்துக் குழப்பக் கூடாதென்று சைக்கிள்களை அன்று அந்தத் தெருவிலேயே விடவில்லை.

இருபது பேர் போட்டு முடிப்பதற்குள் தீடாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சில குண்டுகள் 'கிண்' என்றன, சில 'கிணுக்' என்று வால் அறுந்ததுபோல் நின்றன. பிரமை என்றுதான் முதலில் நினைத்தாள். ஆளுங்கட்சி வேட்பாளரின் மனைவிகள் இரண்டு பேரும் வந்தார்கள். கிண், கிண். எதிர்க்கட்சி வேட்பாளரின் அம்மா வந்தாள். கிணுக். அதற்குமேல் தெரியாததுபோல் இருக்க முடியவில்லை.

ஆளுங்கட்சிக் கூட்டங்களில் பெண்களைத் திரட்டி முன்வரிசையில் ஆடும் யாசின் உள்ளே போனாள். கிணுக். வெளியே வந்து, கட்சித் துணியில் கட்டிய தலைக்கட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். அடுத்து தீடாவின் கணவன் டெம்போ. டீக் கூட்டத்தில் எதிர்க்கட்சிக்காகத் தொண்டை கிழியப் பேசுகிறவன்.

கிண்.

தீடா தலையாட்ட மறந்து போனாள். சாவடித் தலைவர் பாஜி மாஸ்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் எதிர் பெஞ்சில் கவனம் போனது. ஆளுங்கட்சி ஏஜென்ட் கெபா தராமே, வாக்காளர் பட்டியலில் சிலருக்குக் கோடும் சிலருக்குப் பெருக்கல் குறியும் போட்டுக்கொண்டிருந்தான். ஊருக்கு மானிய உரம் பங்கிடுவதும் அவன்தான்.

தீடா எழுந்து பாஜியிடம் போனாள். "மாஸ்டர், ரெண்டு மணியும் ஒரே மாதிரி இல்ல. யாரு எதுல போடுறாங்கன்னு வெளியில தெரியுது."

"உன் காதுக்குத் தெரியுது. ஊருக்கெல்லாம் உன் காதா இருக்கு? உக்காரும்மா, எரநூறு பேரு வெயில்ல நிக்கிறாங்க."

"கெபா பேப்பரப் பாருங்க."

கெபா சிரித்தான். "வந்தவங்கள டிக் அடிக்கத்தானே என்னை உக்கார வெச்சிருக்கு? உன் சாமர்த்தியத்த பிரசவம் பாக்குற எடத்துல காட்டு அக்கா."

இன்னும் நாலு ஓட்டு வரைக்கும் பொறுத்தாள். ஐந்தாவது ஆள் திரையை விலக்கும்போது வாசலுக்கு வந்து வரிசையைப் பார்த்து நின்றாள்.

"ரெண்டு பீப்பாயும் ரெண்டு சத்தம் போடுது. நீங்க யாருக்குப் போட்டாலும் இங்க இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிரும். அதைத் தெரிஞ்சுக்கிட்டு உள்ள வாங்க."

முன்னால் நின்ற கிழவர் இரண்டடி பின்வாங்கினார். "எனக்கு உரம் வேணும் தாயி. நான் போகல."

யாரும் போகவில்லை. பாஜி வேர்த்து விறுவிறுத்துப் போனை எடுத்தார். வேறு பீப்பாய் வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்கு முன் போட்டது நூற்றுப் பதினெட்டுப் பேர். கெபாவின் பட்டியலைப் பிடுங்குங்கள் என்று தீடா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஏஜென்டின் காகிதத்தில் கைவைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றுவிட்டார் பாஜி. ஆளுங்கட்சி பதினோரு குண்டு வித்தியாசத்தில் ஜெயித்தது.

ஜூன் மழை விழுந்தது. உரக் கிடங்கில் முப்பத்துநாலு வீட்டுக்கு 'இருப்பு இல்லை' என்றான் கெபா. யாசின் வீடும் அதில் ஒன்று. டெம்போவுக்கு மட்டும் கேட்காமலே இரண்டு மூட்டை வந்து வாசலில் இறங்கியது. அன்றிலிருந்து டீக் கூட்டத்தில் அவனுக்கு யாரும் கிளாஸ் நீட்டவில்லை.

"தீடா, அன்னிக்கு என்னோடத நீ கேட்டியா?" என்றான் ஒருநாள், வேர்க்கடலை உடைத்துக்கொண்டே.

"இல்ல. அந்நேரம் கழுதை கத்துச்சு."

அவன் இன்னும் நாலு கடலையை உடைத்துப் போட்டான். "சந்தையில கடை போட எடம் தர்றேன்னாங்க" என்றான் கடைசியில். மறுநாள் ஒரு மூட்டையை அவன் தலையிலேயே ஏற்றி யாசின் வீட்டுக்கு அனுப்பினாள்.

உரம் கிடைக்காதவர்கள் கொடுத்த புகாரை விசாரிக்கத் தலைநகரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். "உரம் கிடைக்காத முப்பத்துநாலு பேரும் எதிர்க்கட்சிக்குத்தான் போட்டாங்கன்னு உங்களால சொல்ல முடியுமாம்மா? அது நிரூபணமானாத்தான் கேஸ் நிக்கும்."

தீடாவால் முடியும். முப்பத்துநாலில் கெபா தப்பாகக் கேட்டது இரண்டே பெயர். அதுகூட அவளுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்து பெயர் சொன்னால், கெபா செய்ததைத்தானே அவளும் செய்கிறாள்.

"முடியாதுங்க. மணி ரெண்டும் வேற வேற மாதிரி இருந்துச்சு, அத மட்டும் எழுதிக்கோங்க."

அதை மட்டும் எழுதிக்கொண்டு போனார்.

யாசின் மருந்தகத்துக்கே வந்துவிட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் மாட்டியிருப்பான்ல? என் நிலம் வெளிறிப் போய்க் கெடக்கு. ஒத்த மூட்டை எந்த மூலைக்குப் போதும்?"

"நான் சொன்னா உன் ஓட்டு ஊருக்கே தெரிஞ்சிருமே."

"இனிமே தெரியறதுக்கு என்னடி இருக்கு?"

தீடா குழலைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். அந்த மழைக்காலம் முழுக்க அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. குழலை வயிற்றில் வைத்தாலும் சீக்கிரம் எடுத்துவிடுவாள்.

அடுத்த தேர்தலுக்கு முந்தின நாள் பீப்பாய்களை ஊருக்கு முன்னால் வைத்து, எல்லோரையும் முதுகு காட்டி நிற்கச் சொல்லிக் குண்டு போட்டுப் பார்த்தார்கள். எது எதென்று யாராலும் சொல்ல முடியவில்லை. மணி கேட்கும் வேலைக்கு மறுபடி கூப்பிட்டபோது தீடா மாட்டேன் என்றாள். வரிசையில் நின்றாள், தன் குண்டைப் போட்டாள். வெளியே வந்ததும், தன் ஓட்டு காதில் விழுந்திருக்குமோ என்று அந்த நாற்காலியில் இருந்த பெண்ணின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். அந்தப் பெண் எல்லோருக்கும் போலவே சும்மா தலையாட்டினாள்.

வீட்டுக்குப் போகாமல் மருந்தகம்வரை நடந்தாள் தீடா. அங்கே அன்று வேலை எதுவும் இல்லை. இன்னும் ஓரிடத்தில் உட்கார மனம் வராமல் திரும்பி மறுபடி நடந்தாள்.