ஏரிக்கு வந்த தெள்ளும் என் சோதனைக் காலமும்

தூண்டில் கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: மீன் பட்டால் அது பிடித்தவரின் கெட்டித்தனம், படாவிட்டால் கடைக்காரனின் குற்றம். கவுண்டருக்குப் பின்னால் நின்று பழி சுமக்கும் என் இனத்தவரே, ஜெர்மனியில் எசன் நகருக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரைக் கடையில் நான் சேர்ந்த கதையைக் கேளுங்கள். எனக்கு ஆறு மாதச் சோதனைக் காலம். அதே கோடையில் எங்கிருந்தோ நீர்த்தெள்ளு என்றொரு பூச்சியும் ஏரிக்கு வந்து சேர்ந்தது. உடம்பு குறுணை அளவு, வால் நீளம், வாலில் முள். தூண்டில் நூலில் கூட்டமாகத் தொற்றி, ஈரப் பஞ்சுபோலத் திரண்டு, கோலின் வளையங்களை அடைத்துவிடும். நூலைச் சுற்றி இழுக்க முடியாது; மீன் அறுத்துக்கொண்டு போய்விடும். ஆட்கள் வருவது குறைந்தது. கடையில் ஆள் குறைப்பதென்றால் முதலில் நான்தான்.

பஞ்சு முளைக்கும் நூல்

ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் ஒரே வாரத்தில் மூன்று தடவை நூலைத் திருப்பிக் கொண்டுவந்தார். நூலில் பஞ்சு முளைக்கிறதாம். மூன்றாம் தடவை பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். குனிந்தவர் நிமிரவேயில்லை, பின்னால் இரண்டு பேர் காத்து நின்றார்கள். கடைசியில் சொன்னார்: "இதற்கு இருப்பதே ஒரு கண். அதை வைத்துக்கொண்டு என் நூலை மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தடித்த நூல்

நூல் தடித்தால் தெள்ளு குறைவாகத்தான் தொற்றும். ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த சென்னை எஞ்சினியர் ஒருவருக்கு அப்படியே சொல்லி விற்றேன். மாலையில் வந்தார். நூலும் சுத்தம், கூடையும் சுத்தம்; தடித்த நூல் மீன் கண்ணுக்கும் தெரிந்துவிடுமே. "பிரதர், தெள்ளு ப்ராப்ளம் சால்வ்ட். இப்போ ஃபிஷ்தான் ப்ராப்ளம்."

சம்பலுக்கு

செபஸ்தி அண்ணை மன்னாரில் கடற்றொழில் செய்தவர். இங்கே பரீட்சை எழுதி மீன்பிடி அனுமதி எடுத்தவர். ஒரு சனிக்கிழமை எல்லாரும் தெள்ளைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் அதைக் கத்தியால் வழித்து ஐஸ்கிரீம் பெட்டியில் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"என்னண்ணை இது?"

"கூனி இறால் தம்பி. காயவிட்டுச் சம்பல் இடிக்கலாம்."

"கூனி இல்லையண்ணை, தெள்ளு. இதின்ரை முட்டை வேற ஏரிக்குப் போனால் அந்த ஏரியும் முடிஞ்சுது. கொண்டுபோக ஏலாது."

பெட்டியை வாங்கிக் கொதிநீர் ஊற்றினேன். மனிதருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. "மனிசி வெங்காயமும் உரிச்சு வைச்சிட்டாள் தம்பி. இனி நான் வீட்டை போய் என்னத்தைச் சொல்லுறது?"

ஈரப் படகு

வெளியே போகும் படகுகளைச் சுடுநீரால் கழுவிக் காயவிட வேண்டும் என்பது ஏரியின் விதி; கழுவுமிடம் எங்கள் கடையின் பொறுப்பு. எங்கள் பெரிய வாடிக்கையாளரான பல்வைத்தியர், விடுமுறைக்குத் தெற்கே வேறொரு ஏரிக்குப் போகிற அவசரத்தில், படகை நீர் சொட்டச் சொட்ட வண்டியில் கட்டி இழுத்து வந்தார். நான் படகுத்துறை வாசலில் குறுக்கே நின்றேன். அவர் எங்கள் கடை முதலாளியம்மா சபீனாவுக்குப் போன் எடுத்தார். என் சோதனைக் காலம் முடிய இன்னும் மூன்று நாள்.

சபீனா வந்தார். பல்வைத்தியரைக் கத்தி முடிக்க விட்டார். பிறகு சுடுநீர்க் குழாயை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். மனிதர் முணுமுணுத்துக்கொண்டே கழுவினார். காயும்வரை காரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். அவர் போனதும் சபீனா என் பக்கம் திரும்பினார்: "கழுவுமிடத்தில் நிற்க எனக்கு இப்படி ஒரு பிடிவாதக்காரன் தேவை. நீ நிரந்தரம். ஆனால் அடுத்த தடவை, படகு கரையேறும்போதே சொல். வாசலுக்கு வந்த பிறகு சொல்லாதே!"

யாரைப் பிடித்து ஜெர்மனியில் நிரந்தர வேலை எடுத்தாய் என்று சொந்தக்காரர் கேட்டால், இன்றுவரை நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்; தெள்ளைப் பிடித்து என்று எப்படிச் சொல்வது?