பிக்கப்பை எழுப்பிவிட்டேனா?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது மகளுக்கு ஐந்து மாதம். வீடு பள்ளிகொண்டாவில். பகலில் எதிர்வீட்டு அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை. ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதனால் ஆறு மணிவரை நடக்கும் ஆபீஸிலிருந்து நான் நாலு மணிக்கே கிளம்ப அனுமதி கேட்டேன். மேனேஜர் இரண்டு நாள் யோசித்தார்.

"சர்வர்ல பிரச்னை வராத வரைக்கும் போங்க மேடம். வந்துச்சுன்னா மேல என்னால பதில் சொல்ல முடியாது."

அதன்பிறகு அந்த சர்வர் மெஷினின் விசிறிச் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து ஓடுவேன். ஆபீஸில் ஏசி இருந்த ஒரே சின்ன அறையில் அது இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்ட தோல் மாதிரித் துண்டுகளையும் நிறம் மாறாமலிருக்க அங்கேதான் அடுக்கியிருந்தார்கள். தோல் வாசனைக்கு நடுவே ஒரு நாளைக்குப் பத்துமுறை போய் நின்று, எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பேன்.

எங்கள் மெயில் சர்வரில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற மேசைகளிலிருந்து அனுப்பும் மெயில் நெட்வொர்க் வழியாக நேராக உள்ளே போய்விடும். சர்வரிலேயே ஓடும் புரோகிராம்கள் எழுதும் மெயில் மட்டும் ஒரு ஃபோல்டரில் வந்து விழும். பிக்கப் என்று ஒரு சேவை, யார் கண்ணிலும் படாமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். அது சில நிமிஷங்களுக்கு ஒருமுறை அந்த ஃபோல்டரை எட்டிப் பார்த்து, இருப்பதை எடுத்து அனுப்பும் வரிசையில் சேர்க்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு எந்தப் பெட்டியில் என்ன என்ற பேக்கிங் லிஸ்ட் கப்பலில் ஏற்றும் சென்னை ஏஜெண்டுக்குப் போவது இந்த வழியில்தான். ஆறு மணிக்குள் அது போகாவிட்டால் கண்டெய்னர் அன்றைய கப்பலைத் தவறவிடும்.

ஒரு நாள் மதியம் பேக்கிங் சூப்பர்வைசர் மூச்சு வாங்க வந்தார். அளவு தப்பாக ஏறிய ஒரு லிஸ்டை அப்போதுதான் புரோகிராமில் அனுப்பிவிட்டாராம். பிக்கப் அதை எடுப்பதற்குள் ஒரு கட்டளை கொடுத்து அந்தச் சேவையை உறைய வைத்தேன். ஃபோல்டரிலிருந்து தப்பான மெயிலை அழித்தேன். சரியானதை ஐந்து மணி லிஸ்டோடு சேர்த்துவிடலாம் என்று அவர் நிம்மதியாகப் போனார். உறைய வைத்த சேவை தானாக எழாது; இன்னொரு கட்டளை கொடுத்து எழுப்ப வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் தெருமுனைக் கடையிலிருந்து அக்கா ஃபோன் செய்தார். பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னாலே எனக்குப் பயம்தான். நாலு அடித்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

பஸ் பாதி வழியில் மாதனூரை நெருங்கும்போதுதான் கேட்டுக்கொண்டேன்: பிக்கப்பை எழுப்பிவிட்டேனா?

எழுப்பியதுபோல விரல்களுக்கு ஞாபகம் இருந்தது. அது நேற்றைய ஞாபகமாகவும் இருக்கலாம். போன வாரத்ததாகவும் இருக்கலாம். இறங்கிவிட்டேன்.

ரோட்டோரம் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆபீஸுக்குப் பேசினேன். மேனேஜரே எடுத்தார்.  பிக்கப்பை உறைய வைத்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"மெயில் போவுதேம்மா. இப்பதானே ஒண்ணு அனுப்பினேன்" என்றார்.

அவர் மெயில் போகும், லிஸ்ட் மட்டும்தான் நிற்கும் என்று விளக்கினேன். கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன், அடியுங்கள் என்றேன். ஒரு நிமிஷம் என்று ஃபோனை வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வந்து சொன்னார்:

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். இதுக்கா இவ்ளோ பேஜார்?"

அப்படிப் பட்டென்று அணைத்தால் டிஸ்க் கெட்டுப்போகலாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். ஏதோ நம்பர் ஓடுகிறது என்றார். டிஸ்கைச் சரிபார்க்கிறது. கால்மணி நேரம் பூத்திலேயே நின்றேன். மறுபடி கூப்பிட்டபோது, உள்ளே நுழையப் பெயர் கேட்டு நிற்கிறது என்றார். அப்படியானால் எல்லாச் சேவைகளும் புதிதாகக் கிளம்பிவிட்டன, பிக்கப்பும் சேர்த்து. அடுத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன்.

பள்ளிகொண்டா நிறுத்தத்தில் அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, டிபன் பையோடு நின்றிருந்தார். அவருடைய பஸ் போய்விட்டிருந்தது. நான் இறங்கிய பஸ்ஸிலேயே அவர் ஏற வேண்டும். பிள்ளையை என் கையில் திணித்தார். உடம்பு சில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டிருந்தது.

"எங்கடி இருந்த?"

மாதனூரில் இறங்கி ஆபீஸுக்கு ஃபோன் பண்ணினேன் என்றேன்.

படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார். "அங்க பண்ணத் தெரிஞ்சுது. நம்ம முனைக் கடைக்கு ஒரு ஃபோன் போட்டு, புள்ள எப்டி இருக்குதுன்னு கேக்கத் தோணலியா உனக்கு?"

பஸ் கிளம்பிவிட்டது. கால்மணி நேரம் ஃபோனுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். கடை நம்பர் என் பர்ஸில்தான் இருந்தது.

மறுநாள் லிஸ்ட் நேரத்துக்குப் போய்விட்டதாக மேனேஜர் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது பிரச்னையே இல்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் தீருவதைப் பிரச்னை என்று யார் சொல்வார்கள்? என் நாலு மணிக்கு ஆபத்து வரவில்லை. அக்கா மட்டும் இரண்டு நாள் என்னிடம் பிள்ளையைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசவில்லை.

அன்று நான் பிக்கப்பை எழுப்பினேனா இல்லையா என்பது சர்வரின் பதிவுக் கோப்பில் இருந்தது. எந்த நிமிஷம் என்ன நடந்தது என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். திறந்தால் தெரிந்துவிடும். மறந்திருந்தேன் என்றால் என்னை எப்படி நம்புவது? மறக்கவில்லை என்றால் அந்தக் கால்மணி நேரம் எதற்கு? பழைய பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அழியும்வரை நான் அதைத் திறக்கவில்லை.

தினமும் நாலு மணிக்குக் கிளம்புமுன் முனைக் கடைக்கு ஃபோன் போட ஆரம்பித்தேன். கடைக்காரர் எதிர்வீட்டுப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, "நல்லா தூங்குதாம்மா" என்பார். அப்போதும் நம்பாமல், அக்காவே பார்த்துச் சொன்னாரா என்று கேட்பேன்.