சாயம் குடித்தவள்

கண்டியில் நடந்த பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாங்கள் இரண்டு பெண்கள் போயிருந்தோம். ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓட்டம். அந்த வருடம் பிள்ளைகள் வாயில் ஒரே பேச்சு, 'பவர் மாத்திரை'. என் தோழியும் டவுனில் யாரிடமோ இரண்டு வாங்கி வைத்திருந்தாள்.

"இந்தாடி, ஒண்ணப் போடு. டவுன் புள்ளைக எல்லாம் போடுதுக. சும்மா ஓடி என்னாத்தக் கிழிக்கப் போற?"

"ஜெயிச்சா நான் ஜெயிக்கணும். மாத்திரைக்கு எதுக்குடி மெடல்?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டையும் அவளே விழுங்கினாள். ஆறாவதாக வந்தாள். நான் முதலாவதாக வந்தேன்.

மூச்சு வாங்கி முடியவில்லை, அதற்குள் வேறொரு பாடசாலைப் பயிற்சியாளர் புகார் கொடுத்துவிட்டார். ஓட்டத்துக்கு முன் நான் போத்தலில் இருந்து கறுப்பாக ஏதோ குடித்தேனாம். பதக்கத்தை நிறுத்தி வைத்தார்கள். நடுவர் யாழ்ப்பாணத்து ஆசிரியர்.

"ஓட முந்தி என்ன பிள்ளை குடிச்சனீ?"

"சாயம் சேர்."

எங்கள் தோட்டங்களில் பால் ஊற்றாத தேநீருக்கு அதுதான் பெயர். அவருக்கு அது தெரியவில்லை.

"சாயமோ? துணிக்குப் போடுற சாயமோ?"

"தெனமும் குடிக்கிறதுதான் சேர். வீட்டுல எல்லாருமே குடிப்போம்."

"எல்லாருமோ!" அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதலுதவிக்காரரைக் கூப்பிடச் சொன்னார். ஒரு பிள்ளை என் நாக்கை நீட்டச் சொல்லி நிறம் பார்த்தது. எனக்குப் பொறுமை போயிற்று. போத்தலைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"மோந்து பாருங்க சேர்!"

மோந்தார். "அட, இது தேத்தண்ணியெல்லோ!"

"ஆமா சேர். நாங்க பறிக்கிறதத்தான் நீங்களும் குடிக்கிறீங்க."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். புகார் கொடுத்தவர் சத்தமில்லாமல் நழுவினார். தோழி மட்டும் சிரிக்கவில்லை. கை நடுக்கம் நிற்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் முதலாம் இடம் என்று என் பெயரைச் சொன்னார்கள். மேடையில் உயரமான படியில் ஏறி நின்றேன். பதக்கம் கழுத்தில் விழுந்ததும் கர்வம் தலைக்கேறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். ஓடியது நான்தானே.