துவைத்துவிட்ட நீலப் புடவை

எங்கள் குடியிருப்பில் துணி துவைக்கக் கிழமை உண்டு. கட்டடத்துக்கு அடியில் துவைக்கும் அறை, அதன் கதவில் ஓர் அட்டவணை. எனக்குச் செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை யாரும் துவைக்கக் கூடாது, பால்கனியில் ஒரு கைக்குட்டைகூடத் தொங்கக் கூடாது. கோயிலுக்குப் போகும் நாளை மறந்தாலும் மறப்பார்கள், துவைக்கும் நாளை இந்த ஜெர்மன்காரர்கள் மறக்க மாட்டார்கள். மாடியில் குடியிருக்கும் ஃப்ராவ் பெக்கர் ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "நீங்கள் துவைக்கும் நாளில் மூன்றாம் மாடி வரைக்கும் பூ வாசனை வருகிறது" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து இரண்டு முறை நன்றி சொன்னேன். மறுவாரம் என் தபால் பெட்டியில் ஒரு சின்ன அளவுக் கரண்டி கிடந்தது. சோப்புத் தூளை இதால் அளந்து போடு என்பதுதான் அவர் சொல்ல வந்தது. வந்து பதினெட்டு வருடம் ஆகியும் இந்த ஊரில் எது பாராட்டு, எது புகார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஆனால் அந்தம்மாள் சொன்னது உண்மை. நான் சோப்புத் தூளை ஜாஸ்தியாகத்தான் போடுகிறேன். காரணம் ஆம்பூரில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும், வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு ரயில் பாதைக்கும் தோல் பதனிடும் டேனரியின் சுவருக்கும் நடுவில் இருந்தது. அப்பா டேனரியில் ஃபோர்மேன். சுண்ணாம்பும் மரப்பட்டையும் பச்சைத் தோலும் சேர்ந்த அந்த வாசனை எங்களுக்கு வாசனையாகவே தெரியாது. வேலூரில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்து, விடுதி அறையில் முதல்முறை என் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பக்கத்துக் கட்டில் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி இது, பொட்டிக்குள்ள மாட்ட வச்சு எடுத்தாந்தியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே பெட்டியிலிருந்த துணி அத்தனையையும் எடுத்துப்போய்த் துவைத்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் முடியவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனி மருத்துவமனைகளுக்கு நர்ஸ்கள் வேண்டும் என்று கேட்டபோது நானும் வந்துவிட்டேன். கணவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான், தோலுக்குச் சாயம் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை. எல்லாம் இருந்தது, குழந்தை மட்டும் இல்லை. பத்து வருடம் பார்த்தோம். ஆம்பூரில் என் தங்கை லில்லிக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது அவளே கடிதம் எழுதினாள்: "அக்கா, இத நீ வளர்த்துக்க." எங்கள் பக்கம் அக்கா தங்கைக்குள் இப்படிக் கொடுத்து வாங்குவது புதிதல்ல. கேட்காமலே கொடுத்தாள் என்பதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். அதற்கு முந்தைய நான்கு கடிதங்களில் நான் என்னவெல்லாம் எழுதி அழுதிருந்தேன் என்பதைச் சொல்வதில்லை.

கோர்ட்டுக் காகிதம், பாஸ்போர்ட் எல்லாம் முடிய மூன்று மாதம் ஆனது. கணவர் விடுப்பு தீர்ந்து திரும்பிவிட, நான் லில்லி வீட்டிலேயே தங்கி, குழந்தை கிருபாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புட்டிப்பாலுக்குப் பழக்கினேன். லில்லி டேனரியில் தோலுக்குச் சாயம் பூசும் பகுதியில் வேலை செய்தாள். சாயங்காலம் வந்ததும் வராததுமாகக் குழந்தையைத் தூக்குவாள். "கையையாவது கழுவு" என்று நான் நர்ஸ் குரலில் அதட்டுவேன். கையை மட்டும் கழுவுவாள். அவள் கட்டிப் பழசான ஒரு நீலப் புடவையில்தான் கிருபாவுக்கு ஏணை. அதில் போட்டால் நாலு ஆட்டத்தில் தூங்கிவிடும். வேறு துணியில் கட்டினால் ஊரைக் கூட்டும்.

கிளம்பும் நாள் லில்லி அந்தப் புடவையை ஏணையிலிருந்து அவிழ்த்து, மடிக்காமல் சுருட்டி என்னிடம் கொடுத்தாள். முந்தானையில் பால் கறை காய்ந்து வட்டமாக இருந்தது.

"இத தொவைக்காம எடுத்துனு போக்கா. புதுசா எதுல போட்டாலும் அழும். இது மேல போட்டா தூங்கிடும்."

"சரி."

"அங்க போயி பழகற வரைக்கும் தொவைக்காத."

"சரின்னு சொல்றேன் இல்ல."

லில்லி அழவில்லை. மற்ற இரண்டு பெண்களுக்கும் தலை பின்ன நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டாள்.

இனி அந்த விமானப் பயணத்தைச் சொல்கிறேன். கணவரின் கம்பெனி சில வருடங்களுக்கு ஒருமுறை குடும்பத்துக்கு விடுமுறை டிக்கெட் கொடுக்கும். அந்த முறை அவர் எப்படியோ சொல்லி அதை முதல் வகுப்பாக மாற்றியிருந்தார். 'நம் மகள் ராணி மாதிரி வரட்டும்' என்று எழுதியவர், அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'பெரிய மனிதர்கள் வரும் இடம், பார்த்து வா.' அந்த வரிதான் என்னைக் கெடுத்தது என்று பல வருடம் அவர்மேல் பழி போட்டிருக்கிறேன். பாவம், அவர் நல்ல புடவை கட்டிக்கொண்டு வரச் சொன்னார். அவ்வளவுதான்.

மெட்ராஸில் ஒரு சிநேகிதி வீட்டில் ஒருநாள் தங்கினோம். மத்தியானம் பையைத் திறந்தேன். விடுதியில் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது எழுந்த அதே வாசனை குப்பென்று எழுந்தது. சிநேகிதி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். அது போதாதா? புடவையை எடுத்துப்போய் வாளியில் போட்டு, டெட்டால் ஊற்றி, வாசனைச் சோப்பு தேய்த்து மூன்று தண்ணீர் அலசினேன். கிருமி இருக்கும், குழந்தைக்கு ஆகாது, நர்ஸுக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெட்ராஸ் வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. தெருமுனையில் இஸ்திரி போடக் கொடுத்தேன். கடைப் புடவை மாதிரி திரும்பி வந்தது. எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பம்பாயிலிருந்து காலையில் கிளம்பிய விமானம். முதல் வகுப்பு என்றால் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: சோபா மாதிரி அகலமான இருக்கை, வெள்ளித் தட்டு, துணி விரித்த மேசை, ஆளுக்கொரு ரோஜா. குழந்தைக்காக முன்சுவரில் ஒரு தொட்டில் மாட்டினார்கள். கிருபாவை அதில் போட்டு நீலப் புடவையை மேலே போர்த்தினேன். எட்டு மாதக் குழந்தை, துணியைக் கையால் பிடித்து முகத்துக்கு இழுத்தாள். ஒரு நிமிடம் சும்மா இருந்தாள். பிறகு மறுபடி இழுத்து, முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேய்த்தாள். தேடுகிறாள் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கிடைக்கவில்லை. அழ ஆரம்பித்தாள்.

அது பசி அழுகை இல்லை, காதுவலி அழுகை இல்லை. எத்தனை குழந்தைகளை வார்டில் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா! புட்டியைத் தட்டிவிட்டாள். என் தோளில் போட்டால் நெஞ்சைக் கையால் தள்ளினாள். விமானம் மேற்கே போகப்போகச் சூரியனும் கூடவே வந்தது, பகல் முடியவே இல்லை. விமானப் பணிப்பெண் வந்து குனிந்து, "வீட்டிலிருந்து பழக்கமான துணி ஏதாவது இருக்கிறதா? சில குழந்தைகளுக்கு அது போதும்" என்று கேட்டாள். புடவையைக் காட்டினேன். கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆகா, எவ்வளவு சுத்தமான வாசனை!" என்றாள்.

நடைவழிக்கு அந்தப் பக்கம் ஓர் இத்தாலியர், பக்கத்து இருக்கை காலி. மூன்றாவது மணி நேரத்தில் அவர் எழுந்து நின்று, என்னைப் பார்த்து ஏதோ சொல்லி, பின்னால் இருந்த திரையைக் கையால் காட்டினார். பின்னால் சாதாரண வகுப்பு. ஆங்கிலம் அவருக்கும் அரைகுறை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போ என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கோபம்கூட வரவில்லை. ஒதுங்கிப் போவது எனக்குப் பழகிய காரியம். கழிப்பறைப் பக்கம், திரைக்குப் பின்னால், கிருபாவை ஆட்டியபடி, யார் தாண்டிப் போகிறார்கள் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நின்றுகொண்டே இருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பணிப்பெண் வந்து, "ஏன் இங்கே நிற்கிறீர்கள்? குழந்தையைப் படுக்க வைக்கச் சொல்லித் தன் இரண்டு இருக்கையையும் உங்களுக்கு விட்டுவிட்டு அவர் அப்போதே பின்னால் போய்விட்டாரே" என்றாள்.

போய் அந்த இருக்கையில் உட்கார்ந்தேன். அவருடைய பெட்டி கீழே இருந்தது, மேல்கோட்டு மேலே தொங்கியது. இரண்டும் தோல். நல்ல விலை உயர்ந்த தோல். அந்த வாசனை மூக்கில் ஏறியதும்தான் உறைத்தது, அந்த அறை முழுக்கவே தோல் வாசனைதான். காலணி, இடுப்புப் பட்டை, கைப்பை என்று எல்லாரிடமும் இருந்தது. எங்கள் டேனரிச் சுவருக்குள் கிடந்ததில் ஏதோ ஒன்றுதான் இப்படி ஊர் சுற்றி இங்கே வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. இவர்கள் நடுவில் என் தங்கையின் வாசனை ஒரு மூலையில் இருந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? யாருக்காகத் துவைத்தேன்? அப்போதுதான் நான் அழுதேன். கிருபா அழுது களைத்து விக்கிக்கொண்டே தூங்கினாள். ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கும்வரை தூக்கத்திலும் விக்கிக்கொண்டிருந்தாள்.

வீடு சேர்ந்ததும் லில்லிக்கு எழுதினேன்: 'நீ கொடுத்த புடவையிலேயே வழியெல்லாம் சமர்த்தாகத் தூங்கினாள்.' கூடவே ஒரு போட்டோ: சோபாவில் கிருபா, மடியில் நீலப் புடவை. லில்லி பதில் போட்டாள்: 'சந்தோஷம் அக்கா.' அதற்குமேல் அந்தப் புடவையைப் பற்றி அவள் எழுதவே இல்லை. மாதம் தவறாமல் கடிதம் மட்டும் வந்தது.

ஐந்து வருடம் கழித்துக் கிருபாவை ஆம்பூருக்குக் கூட்டிப்போனேன். லில்லியைச் 'சித்தி' என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தோம், அது லில்லி கேட்டுக்கொண்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் கிருபா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இங்கே என்னவோ அழுகிப் போயிருக்கிறது" என்றாள் ஜெர்மனில்.

"இன்னா சொல்லுது பாப்பா?" என்றாள் லில்லி.

"பசிக்குதாம்" என்றேன்.

லில்லி அடுப்படிக்கு ஓடினாள். கிருபா ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நாலு இட்லியும் கறிக்குழம்பும் தின்றதை அக்காமார் இருவரும் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். லில்லியும் சிரித்தாள். மொழி தெரியாவிட்டால் என்ன, மூக்கைப் பிடித்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்!

திரும்பும் நாள் லில்லி ஒரு பிளாஸ்டிக் உறையை என் பைக்குள் வைத்தாள். உள்ளே பச்சைப் புடவை ஒன்று, சுருட்டியபடி. முந்தின நாள் அவள் வேலைக்குக் கட்டிப்போனது.

"இதையாவது தொவைக்காதக்கா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"போட்டோவுல பாத்தேன். முந்தானையில பால் கறை இருந்துச்சி இல்ல? அது காணோம். மடிப்பு வேற கத்தி மாதிரி நிக்குது."

"அப்பவே ஏண்டி கேக்கல? நாலு வார்த்த திட்டியாவது எழுதியிருக்கலாம் இல்ல?"

லில்லி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "திட்டிட்டு? நீ லெட்டர் போடறத நிறுத்திட்டா, நான் யார்கிட்ட போயி என் பொண்ணு எப்படி இருக்குதுன்னு கேக்கறது?"

என் பொண்ணு என்று அவள் சொல்லிக் கேட்டது அந்த ஒருமுறைதான். சொன்னதும் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த கிருபாவைத் திரும்பிப் பார்த்தாள், காதில் விழுந்ததோ என்று. "இது பாப்பாவுக்கு இல்ல. அதுக்கு இனிமே இது வேணாம். உனக்குத்தான்" என்றாள்.

பச்சைப் புடவை என் அலமாரியில் அதே உறைக்குள் இருக்கிறது. எந்தச் செவ்வாய்க்கிழமையும் அது கீழே போனதில்லை. எப்போதாவது உறையைத் திறப்பேன், உடனே மூடிவிடுவேன். ஒவ்வொரு முறையும் வாசனை கொஞ்சம் கம்மியாகிறது.

போன மாதம் கிருபாவுக்குக் காய்ச்சல். மத்தியானம் சோபாவில் என் மடியில் தலைவைத்துப் படுத்துப் புரண்டுகொண்டிருந்தாள், தூக்கம் வரவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, பச்சைப் புடவையை எடுத்துவந்து அவள்மேல் போர்த்தினேன். கண்ணைத் திறக்காமலே அதைத் தள்ளிவிட்டாள். "இது வேண்டாம்மா, நாறுது. என் போர்வை. நீ துவைச்ச போர்வை" என்றாள்.

கொண்டுவந்து கொடுத்தேன். ஃப்ராவ் பெக்கர் கரண்டி அனுப்பிய அதே சோப்புத் தூள் வாசனை. கிருபா அதை முகத்துக்கு இழுத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேய்த்தாள். கிடைத்துவிட்டது. இரண்டே நிமிடத்தில் தூங்கிப்போனாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு தொடையில் அவள் தலை, மறு தொடையில் அவள் தள்ளிவிட்ட புடவை. இரண்டில் எதையும் எடுத்து வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். உறையை மூட வேண்டும், வாசனை போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. எழுந்தால் அவள் விழித்துவிடுவாள்.