முந்திக்கொண்ட எதிரொலி

நம்பாதவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இது என் காதால் கேட்டது.

1957, ஆகஸ்ட் மாதம், மெம்பிஸ். எனக்கு இருபத்தொரு வயது. நான் எழுதிய முதல் பாட்டை கார்லண்ட் புரூயிட் என்பவன் ஒட்டுக்கேட்டு, எனக்கு முன்னால் இசைத்தட்டாகப் போட்டுவிட்டான். ரேடியோவில் என் பாட்டு அவன் குரலில் வந்தபோது வயிறு எரிந்தது. இரண்டாவது பாட்டும் போனால் நான் திரும்பவும் பஞ்சு மூட்டை தூக்கத்தான் போக வேண்டும். அதனால் அன்று யாரையும் நம்பவில்லை. டிரம் வாசிக்கும் என் அக்கா புருஷன் ஹாலிஸைக்கூட.

ஸ்டூடியோ பர்ல் என்பவருடையது. எதிரொலிக்கு அவர் வைத்திருந்தது ஒரு பழைய குளியலறை. நான் பாடுவது வயர் வழியாக அங்கிருக்கும் ஸ்பீக்கருக்குப் போகும். சுவரில் மோதி, அங்கிருக்கும் மைக் வழியாக டேப்புக்குத் திரும்பும். ஒலிப்பதிவு நடக்கும்போது அதற்குள் யாரும் போகக்கூடாது. கதவுக்கு வெளியே தாழ்ப்பாள்.

மதியம் மூன்று மணி. பாடி முடித்தேன். பர்ல் டேப்பை ஓட்டினார்.

முதலில் என் குரல். பின்னால் அதன் எதிரொலி. சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது அடியில்தான்...

எதிரொலி எனக்கு முன்னால் வந்தது.

நான் பாடப்போகும் வரியை, நான் வாய் திறக்கும் முன்பே யாரோ பாடினார்கள். கரகரத்த ஆண் குரல். நடுவில் ஓர் இருமல்.

"உள்ள யாருண்ணே?"

"யாரும் இல்லப்பா."

"கார்லண்டை ஒளிச்சு வெச்சிருக்கீங்க. என் காதுல பூ சுத்தாதீங்க."

"அட கிறுக்கா! நீயே போய்ப் பாரு."

போனேன். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. திறந்தேன். ஸ்பீக்கர், மைக், துருப்பிடித்த தொட்டி. ஆள் இல்லை.

ஆனால் ஆஸ்பத்திரி வாடை அடித்தது.

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, ஹாலிஸைக் கதவருகே காவல் நிறுத்தினேன். பர்ல் கோபத்தில் என் கண் முன்னாலேயே வயரைப் பிடுங்கினார். இனி எதிரொலியே வரக்கூடாது.

மறுபடி பாடினேன். டேப்பை ஓட்டினார்.

வந்தது.

இன்னும் கிட்டத்தில். அதே இருமல்...

ஓடினேன். ஹாலிஸ் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏதாவது கேட்டுச்சா மச்சான்?"

"இல்ல."

அந்த 'இல்ல' ரொம்ப வேகமாக வந்தது. இவனும் கூட்டுக்களவாணி என்று முடிவு கட்டினேன். பல வருஷம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் பாட்டோ பத்திரமாக என் பெயரிலேயே வந்தது. கார்லண்ட் அன்று அந்த ஊரிலேயே இல்லையாம்.

இப்போது எனக்கு எழுபத்திரண்டு. போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. பர்லின் மகள் அந்தப் பழைய டேப்பைத் தேடி எடுத்து அனுப்பினாள். ஹாலிஸும் நானும் என் வீட்டில் உட்கார்ந்து கேட்டோம். பாதியிலேயே அவன் நிறுத்திவிட்டான்.

"டாய்ல்... இது உன் குரல்டா. இப்ப இருக்கிற குரல்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். இருமல் வந்தது.

அதே இருமல்.

"அன்னிக்கு உள்ள இருந்து என்னைக் கூப்பிட்டுச்சுடா. 'மச்சான், கதவைத் தொற'ன்னு."

என்னைத் தவிர அவனை மச்சான் என்று கூப்பிட ஆளே கிடையாது.

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீதான் யாரையும் நம்பலையே."

'மச்சான், கதவைத் தொற' என்று நான் எந்தக் கதவுக்குப் பின்னாலிருந்தும் இதுவரை சொன்னதில்லை. அன்றே என் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தேன். ஹாலிஸ் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மெல்லக் கேட்டான்.

"நாளைக்கு நீ உள்ள இருந்து கூப்பிட்டா... அது நீதான்னு நான் எப்படிடா நம்புறது?"