எத்தனை நூல்

என் மனைவியின் வாக்கருக்கு நான்கு சக்கரம், இரண்டு பிரேக், ஒரு இருக்கை, ஒரு கூடை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய எதிர்வீட்டுச் சொல்தாவுக்காக அவருடைய மகள் பிரான்சிலிருந்து கொண்டுவந்தது அது. சொல்தா காலமான பிறகு, "சும்மாதானே கெடக்குது, சித்தி தள்ளட்டும்" என்று எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் முடிந்து, பல மாதம் படுத்துக் கிடந்த என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி தெருவில் இறங்கினாள். என் கையைப் பிடிக்க மாட்டாள். "உங்கள நான் புடிச்சுக்கிட்டா உங்கள யாரு புடிக்கிறது?" என்பாள்.

அது வீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே எனக்குக் கவலை. பிரான்ஸ் சாமான். ஏதாவது உடைந்தால் முத்தியால்பேட்டையில் எந்தக் கடையில் போய் நிற்பது? காலையில் காப்பி குடித்ததும் அதைக் கவிழ்த்துப் போட்டு, வெளியே தெரிகிற போல்ட்டுகளை எண்ணிவிடுவேன். பதினாறு. எண்ணிக்கை ஒருநாளும் குறைந்ததில்லை. ஆனால் எது இறுக்கமாக இருக்கிறது, எது ஆடுகிறது என்று திருகிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மாசி மகத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், பூக்கடைக்குப் பக்கத்தில் சாக்கடை மூடியின் மேல் ஏறி இறங்கும்போது, முன்பக்கத்து இடது சக்கரம் தனியாக உருண்டு போயிற்று. பூக்கடைக்காரப் பெண் எட்டிப் பிடித்திராவிட்டால் என் மனைவி விழுந்திருப்பாள். சக்கரத்தின் நடுவே ஊடுருவிப் போய் இரண்டு பக்கத்துத் தகட்டையும் சேர்த்துப் பிடிக்கும் அந்தப் போல்ட்டு, மூடியின் இடுக்கு வழியாகச் சாக்கடைக்குள் போய்விட்டது. குச்சி விட்டுக் கிளறினேன். கம்பி வளைத்து விட்டுப் பார்த்தேன். தரையில் கிடந்த நட்டு மட்டும் மிஞ்சியது.

அந்த நட்டை எடுத்துக்கொண்டு ஏழு கடை ஏறினேன். எந்தப் போல்ட்டும் அதில் இறங்கவில்லை. மரை அவ்வளவு நெருக்கம். சாரம் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்மூரு இல்ல சார்" என்று திருப்பிக் கொடுத்தார். அது எனக்கே தெரியும்.

மாசி மகத்துக்கு நடந்தே போவது என்று அவள் தீர்மானம் செய்திருந்தாள். அதற்கு முந்தின வருஷம் கட்டிலில் படுத்தபடி, தெருவோடு போன மேளச் சத்தத்தை மட்டும்தான் கேட்டாள். அன்றைக்குச் சாமிகள் கடலாட வரும் வைத்திக்குப்பம் கடற்கரைப் பக்கம் ஆட்டோ விடமாட்டார்கள். தெரிந்தவர் வீட்டிலிருந்து சக்கர நாற்காலி ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

"வச்சுத் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு நான் இன்னா தேரா?"

"அப்ப இந்த வருஷம் வேணாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவள் சுவருக்குச் சாய்த்து வைத்திருந்த மூன்று சக்கர வாக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வயதில் அடுத்த வருஷம் என்பது லேசாகச் சொல்லக்கூடிய சொல் இல்லை.

நாங்கள் இருவரும் மில்லில் வேலை செய்தவர்கள். அவள் நூல் சுற்றும் ரீலிங்கில் இருந்தாள். நான் துணி பார்க்கும் பிரிவில். மடக்குக் கண்ணாடி ஒன்றைத் துணியின் மேல் விரித்து வைத்து, ஓர் அங்குலத்துக்குப் பாவு நூல் எத்தனை, ஊடை நூல் எத்தனை என்று எண்ணிச் சொல்வது என் வேலை. அந்தப் பித்தளைக் கண்ணாடி இன்னும் என்னிடம் இருக்கிறது. மில் மூடிய அன்று என் சட்டைப் பையில் கிடந்தது. திருப்பி வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. மாசி மகத்தன்று சங்கு ஊதாது, மில் லீவு. கல்யாணமான புதிதில் கடலுக்குப் போகும் கூட்டத்தில் அவள் எனக்குப் பத்து ஆள் முன்னால் போய்க்கொண்டிருப்பாள். தலையில் ஒட்டிய மில் பஞ்சை எத்தனை உதறினாலும் கொண்டைக்குக் கீழே கொஞ்சம் தங்கிவிடும். அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டேதான் நான் பின்னால் போவேன். "உன் பெஞ்சாதி சாமியக் காட்டுதா, உன்னையக் கழட்டி வுடுதா முசே?" என்று கேலி செய்தவர், மில் ஒர்க் ஷாப்பில் டர்னராக இருந்தவர்.

இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்கு வந்ததால் நான் அவருக்கு முசே, அதாவது பிரெஞ்சுக்காரத் துரை. மில் மூடிய பிறகு அவர் முத்தியால்பேட்டையிலேயே ஒரு சந்தில் லேத் பட்டறை போட்டுவிட்டார். இன்றைக்கும் ஓட்டுகிறார். கடைசியில் அவரிடம் போனேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம். அவர் வாய்க்குப் பயந்து ஏழு கடை ஏறினேன்.

நட்டைப் பார்த்ததும் மூக்கைச் சுருக்கினார். "பொடி மரை. இதுக்கா இவ்ளோ மூஞ்சி? ஏரோப்ளேன் போல்ட்டு கொண்டா, அதையும் போட்டுத் தரேன். சாம்பிளு எங்க?"

சாம்பிள் வீட்டில் இருந்தது. வலது சக்கரத்தில் நல்ல போல்ட்டு இருந்தது. அதைக் கழற்றி அவர் பட்டறையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரும்புச் சுருளும் எண்ணெயும் கலந்து கிடக்கும் அந்தத் தரையில் விழுந்தால் போயிற்று. அப்புறம் இரண்டு சக்கரமும் இருக்காது. "அளவு வேணும்னா போன்ல கேளு, பாத்துச் சொல்றேன்" என்று சொல்லி, நட்டை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் கூப்பிட்டார். பின்னால் லேத் ஓடுகிற இரைச்சல்.

"எத்தினி நூல் முசே?"

என்னைப் போய் இந்தக் கேள்வி கேட்டால் நான் என்ன செய்வேன்? "இரு, எண்ணிச் சொல்றேன்" என்றேன்.

"எண்ணப் போறியா? சரி, எண்ணு."

வலது சக்கரத்துப் போல்ட்டைக் கழற்றி, மடக்குக் கண்ணாடியை எடுத்து, அதன் முனையில் சுற்றியிருந்த வரிகளை ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஜன்னல் வெளிச்சம், பித்தளைச் சட்டம், கண்ணாடிக்கு அடியில் பெரிதாகித் தெரிகிற வரிகள். கொஞ்ச நேரம் நான் மில்லில்தான் இருந்தேன்.

"பதினாலு. ரெண்டு தரம் எண்ணிட்டேன்."

"பதினாலா? கட்டையா இருக்கேய்யா?"

"பிரான்ஸ் சாமான். அப்படித்தான் இருக்கும்" என்றேன். அவர் எதைக் கட்டை என்கிறார் என்று நான் கேட்கவில்லை.

மாசி மகத்துக்கு முந்தின நாள் பிற்பகல் போல்ட்டைக் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. நட்டு அதில் எண்ணெய் விட்டதுபோல் ஓடியது. வீட்டுக்கு வந்து சக்கரத்தில் செருகினேன். தலை இந்தப் பக்கம் உட்கார்ந்தது. அந்தப் பக்கம் நட்டு மாட்டுவதற்கு முனையே வெளியே வரவில்லை. திருப்பிச் செருகினேன், அப்போதும் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்காக மடித்து வைத்திருந்த புடவையை எடுத்து அலமாரியில் வைக்கப் போனாள்.

எனக்குக் கோபம் வந்தது. போனைப் போட்டேன். "இன்னாய்யா செஞ்சு வச்சிருக்க? எட்டவே இல்ல."

"நீதானே பதினாலு நூல்னு சொன்ன? சுத்தமா பதினாலு நூல் போட்டிருக்கேன். ஒண்ணே முக்கா இஞ்ச்."

"இஞ்ச்சா? நான் சொன்னது அதுல சுத்தியிருக்கிற நூலு."

போனின் மறுமுனையில் லேத் இரைச்சல் நின்றது.

"சுத்தியிருக்கிறது மரைய்யா. நூலுன்னா நீட்டு. இஞ்ச்சுக்கு எட்டு நூல், ஊரு ஒலகத்துக்கே தெரியும். மரையப் போயி நூலுன்னு எண்ணியிருக்க. போல்ட்டுக்கு மரை சரியாத்தான் இருக்குது, உனக்குத்தான் கழண்டுபோச்சு."

நானும் விடவில்லை. அங்குலத்தில் கேட்டிருக்கலாமே என்றேன். கண்ணாடி வைத்து எண்ணுகிறவனிடம் நூல் என்று கேட்டால் அவன் எதை எண்ணுவான் என்றேன். பட்டறைக்காரனிடம் துணி பாஷை பேசினால் அவன் என்ன செய்வான் என்று அவர் கேட்டார். இருவருக்கும் குரல் ஏறியது. அவள் அலமாரியை விட்டு வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அண்ணே, அவர வுடுங்க. இப்ப வந்தா செஞ்சு குடுப்பீங்களா?"

"தங்கச்சி, நாளைக்கு லேத்த தொட மாட்டேன். சாமி கடலுக்குப் போற அன்னிக்கு மிஷினு ஓடாது. இப்பவே அனுப்பு. அளவோட அனுப்பு. முசேவ வாயத் தொறக்க வேணாம்னு சொல்லு."

"சாம்பிள எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள் என்னிடம். நான் தயங்கினேன். தெருவில் சாக்கடை மூடிகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். அவள் தையல் டப்பாவிலிருந்து ஒரு நூலை இழுத்து, நல்ல போல்ட்டின் நீளத்துக்கு வைத்து, அதன் தலைக்கு அடியில் ஒரு முடிச்சு, முனைக்கு நேராக ஒரு முடிச்சு போட்டு அறுத்தாள். ரீலிங்கில் ஒரு நாளைக்கு எத்தனை அறுந்த இழையை முடிந்தவளோ, கண் சரியாகத் தெரியாவிட்டாலும் விரலுக்கு மறக்கவில்லை. "இது தொலைஞ்சா இன்னொண்ணு முடியலாம். போங்க."

இழுத்துப் பிடித்தால் நீண்டுவிடுமே என்று பயந்து, அதை மடக்குக் கண்ணாடிக்குள் வைத்து மூடிக் கொண்டுபோனேன்.

டர்னர் அந்த நூலை இரும்பு ஸ்கேலின் மேல் வைத்தார். முடிச்சிலிருந்து முடிச்சுவரை விரலால் தடவிவிட்டு, ஸ்கேலை என் பக்கம் திருப்பினார். நானே எண்ணினேன். பதினெட்டு நூல்.

கம்பி சுழன்றது. நீலம் பாய்ந்த இரும்புச் சுருள் சுருண்டு சுருண்டு விழுந்தது. சூடான எண்ணெய் வாசனை. மில் ஒர்க் ஷாப் வாசலைத் தாண்டும்போது வந்த அதே வாசனைதான். மில் கேட்டில் ஆள் திரளும் சத்தம், அவளும் மற்றப் பெண்களும் டிபன் டப்பாவை ஆட்டிக்கொண்டு வெளியே வருவது எல்லாம் அந்த வாசனைக்குப் பின்னால் நின்றன. சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாத முசே" என்றார் அவர், திரும்பாமலே. "மரை வெட்டிக்கிட்டு இருக்கேன்."

போல்ட்டு சரியாக உட்கார்ந்தது. நட்டை இறுக்கினேன். கழற்றிய வலது சக்கரத்துப் போல்ட்டையும் திரும்ப மாட்டினேன். மற்றப் பதினாலையும் முதல்முறையாகத் திருகிப் பார்த்தேன். இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. அவற்றையும் இறுக்கினேன்.

மறுநாள் காலை அவள் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். கூடையில் தேங்காயும் கற்பூரமும். கடற்கரைக்குத் திரும்பும் முனையில் கூட்டம் நெருக்கியது. எனக்கு அந்த இடது சக்கரத்தின் மேலேயே கண். ஓரத்தில் நெற்றி நிறைய விபூதியோடு டர்னர் நின்றுகொண்டிருந்தார்.

"எத்தினி நூல் முசே?" என்று கூட்டத்துக்கு மேலாகக் கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "பதினெட்டுண்ணே" என்றாள் அவள். நிற்கவில்லை. மேளம் கேட்ட பக்கமாக வாக்கரைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனாள். இப்போது தலை முழுக்க வெள்ளை. எனக்குப் பத்து ஆள் முன்னால் போய்விட்டாள்.